நள்ளிரவுக் கணக்கு

மே மாதம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கிரேட் ஸ்வாம்ப் என்ற சதுப்பு நிலத்தின் ஓரம், நள்ளிரவு நெருங்கும் நேரம். நாலைந்து பேர் பேச்சில்லாமல் நிற்கிறார்கள். கைவிளக்கை அணைத்துவிட்டார்கள். உள்ளங்கைகளைக் குவித்துக் காதுமடலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தவளைகளின் இரைச்சலுக்கு நடுவே வேறொரு குரலைத் தேடுகிறார்கள். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கோரைக்குள்ளிருந்து ஒரு காணான்கோழி குரல் கொடுத்தால், அது கணக்கில் வராது. மணி அடித்த பிறகு அது மறுபடி கூவ வேண்டும். கூவாமலும் போகலாம். அதை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

நியூ ஜெர்சி ஆடுபான் சங்கம் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடத்தும் இந்தக் கணக்கெடுப்புக்கு ‘வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் பேர்டிங்’ என்று பெயர். பறவை ஆர்வலர் பீட் டன் 1984-ல் தொடங்கிவைத்தது. நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை 24 மணி நேரம். அதற்குள் மாநில எல்லைக்குள் எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம், எத்தனை வகைகளைக் கேட்டோம் என்பதுதான் கணக்கு. வடக்கே காட்டிலும் சதுப்பிலும் தொடங்கி, தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் கேப் மே முனையில் முடிக்கும் அணிகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் அணிகளும் உண்டு. முதல் ஆண்டில் வென்ற அணி பதிவு செய்தது 201 வகைகள். அந்த அணியில் ராஜர் டோரி பீட்டர்சனும் இருந்தார். 1934-ல் வெளிவந்த அவருடைய கையேடுதான் துப்பாக்கியும் ஆய்வுக்கூடமும் இல்லாத சாமானியர்களுக்குப் பறவைகளை அடையாளம் காட்டிக் கொடுத்தது. அன்று அவருக்கு 75 வயது. அந்த வயதில் ஒரு முழு இரவும் பகலும் பறவைக் குரலுக்காக அலைந்திருக்கிறார்.

ஒவ்வொரு அணிக்கும் பின்னால் கொடையாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு தருகிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் பறவைகளின் பாதுகாப்புக்குப் போகிறது. நம் கோயில்களில் பிள்ளையைத் தராசுத் தட்டில் உட்காரவைத்துத் துலாபாரம் கொடுப்போமே, அந்த மனநிலைதான் இது. பிள்ளையின் எடை கூடினால் காணிக்கையும் கூடும்; ஆனால் பிள்ளை கனக்கிறதே என்று எந்தத் தாயும் வருந்துவதில்லை. கொடுப்பவரே கணக்கு பெருக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் கொடை இது.

இங்கேதான் ஒரு சோதனையும் இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் நற்காரியத்துக்குப் பணம் கூடும். கேட்டது ஆந்தையா, தூரத்து நாயா என்று ஐயமாக இருக்கிறது. ஆந்தை என்றே எழுதிவிட்டால் யாருக்கு நட்டம்? பறவைக்குத்தானே பணம் போகிறது? சொந்த லாபத்துக்காகச் சொல்லும் பொய்யை மனம் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். நன்மையின் உடையை உடுத்திக்கொண்டு வரும் பொய்யை அடையாளம் காண்பது கடினம். ஆன்மிக வாழ்வில் நெடுந்தூரம் வந்தவர்களும் இடறும் இடம் அது.

அந்த இருளில் நடுவர் யாரும் நிற்பதில்லை. போட்டி முழுக்க முழுக்க நாணயத்தை நம்பி நடக்கிறது. பட்டியலில் இருப்பவற்றில் மிகப் பெரும்பங்கு அணியினர் அத்தனை பேரும் கண்டதாகவோ கேட்டதாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. எனவே ஒருவர் கேட்டதை மற்றவர்களும் கேட்கும்வரை எல்லோரும் நிற்பார்கள். “எனக்குக் கேட்கவில்லை” என்று ஒருவர் சொன்னால், அவரை யாரும் வற்புறுத்துவதில்லை; மேலும் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். பறவை மௌனமாகிவிட்டால் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். தனக்குத் தெரிந்ததற்கும் தான் விரும்புவதற்கும் இடையிலுள்ள மெல்லிய கோட்டை, தூக்கம் கண்ணை அழுத்தும் பின்னிரவில், யாரும் பார்க்காதபோதும் தாண்டாமல் இருப்பதைத் தவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்த ஒழுக்கம் ஒரே நாளில் வந்ததும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் ஒரு வேட்டைப் போட்டி நடப்பதுண்டு. அணி பிரிந்து போவார்கள். கண்ணில் பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டுத் தள்ளுவார்கள். மாலையில் யாருடைய குவியல் பெரிதோ அவர்களுக்கு வெற்றி. 1900-ல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் ஒரு யோசனை சொன்னார். சுட வேண்டாம், எண்ணுவோம். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். எண்ணிய பறவைகள் எண்ணி முடித்த பிறகும் உயிரோடு பறந்தன. போட்டியிடும் ஆசை அப்படியேதான் இருந்தது. அதன் கையிலிருந்த துப்பாக்கி மட்டும் போய்விட்டது. மனத்தின் வேகத்தை அழிக்க வேண்டியதில்லை, திருப்பிவிட்டால் போதும் என்று நம் பெரியோர்கள் சொல்லிவந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சரியான கணக்கு ஓர் உயிரை எப்படிக் காக்கிறது என்பதற்கு, கேப் மேக்கு அருகிலுள்ள டெலவேர் வளைகுடாவுக்குப் போக வேண்டும். ரெட் நாட் என்ற உள்ளான் வகை அங்கே மே மாதத்தில் வந்து இறங்குகிறது. தென் அமெரிக்காவின் கடைக்கோடியான டியர்ரா டெல் ஃபியூகோ வரை போய்விட்டு, கனடாவின் வடதுருவப் பகுதிக்குத் திரும்பும் வழியில் அது இளைப்பாறும் இடம் அந்தக் கரை. இறங்கும்போது உடம்பில் கொழுப்பும் தசையும் கரைந்து எலும்பும் இறகுமாக இருக்கும். அதே சமயத்தில், அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெருக்கில், குதிரைலாட நண்டுகள் கரையேறி மணலில் முட்டையிடும். பச்சை நிறத்தில், குண்டூசித் தலை அளவே இருக்கும் முட்டைகள். அவற்றைத் தின்று அந்த உள்ளான் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ இரு மடங்கு எடை கூடுகிறது. அந்த எடைதான் அதைத் துருவம் வரை கொண்டுசேர்க்கும்.

1990களில் அந்த நண்டுகளை மீன்பிடி இரைக்காக லட்சக்கணக்கில் அள்ளினார்கள். 1980களின் தொடக்கத்தில் வளைகுடாவில் 90,000-க்கு மேல் கணக்கான உள்ளான்கள், 2000களின் நடுவில் 15,000 அளவுக்குச் சரிந்தன. விமானத்திலிருந்தும் கரையிலிருந்தும் ஆண்டுதோறும் பொறுமையாக எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்தச் சரிவு தெரியவந்தது. யாரோ ஒருவர் இரக்கத்தால் கூட்டி எழுதியிருந்தால், அந்தப் பறவை ஓசையில்லாமல் மறைந்திருக்கும். 2008-ல் நியூ ஜெர்சி தன் கரையில் அந்த நண்டுகளைப் பிடிப்பதற்குத் தடை விதித்தது. 2014-ல் அமெரிக்க அரசு ரெட் நாட்டை அச்சுறுத்தலுக்குள்ளான பறவையாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்பு தந்தது.

பிற உயிரின் பசியை அறிந்து ஆற்றுவதையே கடவுள் வழிபாடாகக் கொண்டவர் வள்ளலார். அந்த வளைகுடாவில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. பசியை ஆற்றுவதற்கு முன்னால் பசித்தவர் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். குறைத்தும் சொல்லாமல் கூட்டியும் சொல்லாமல் தெரிய வேண்டும். கருணைக்கு வாய்மை அடிமனை.

பி95 என்று எழுதிய சிறு கொடியைக் காலில் சுமந்த ஒரு ரெட் நாட் இருந்தது. 1995-ல் அர்ஜென்டினாவில் அதற்கு வளையம் மாட்டினார்கள். நிலவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பும் தொலைவுக்கும் மேல் அது பறந்திருக்கும் என்று கணக்கிட்டு, ‘நிலாப் பறவை’ என்று பெயரிட்டார்கள். 2014 மே மாதத்திலும் அது நியூ ஜெர்சி கரையில் தென்பட்டது. அந்தக் கொடியைத் தொலைநோக்கியில் படித்துச் சொன்னவர்கள் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வரியும் அந்தப் பறவைக்குத் தெரியாது. நன்றியை எதிர்பார்க்கவே முடியாத ஓர் உயிருக்குச் செய்யும் தொண்டில் ‘நான் செய்தேன்’ என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ள இடம் குறைவு. அதனால்தான் இந்தப் பணியை இவ்வளவு மேலாக நினைக்கிறேன்.

நியூ ஜெர்சியில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மே மாதம் ஓர் அணிக்கு, ஒரு வகைக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுங்கள். சிறு தொகையாக இருந்தாலும் சரி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு மாலை டெலவேர் வளைகுடாவுக்குப் போய்வாருங்கள். பறவைகள் இரை தின்பதற்காக அந்தப் பருவத்தில் பல கரைகளை மூடிவைப்பார்கள். அங்கே இறங்காமல், பார்ப்பதற்கென்று ஒதுக்கிய இடத்திலேயே நில்லுங்கள். திறந்திருக்கும் கரையில் அலை புரட்டிப் போட்ட குதிரைலாட நண்டு மல்லாந்து கிடந்தால், வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது முறிந்துவிடலாம். ஓட்டின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகப் புரட்டிவிடுங்கள். அது கடிக்காது, கொட்டாது.