சுங்கச்சாவடியில் நின்றவர்கள்

2021 பிப்ரவரியில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, தன்னிடம் அத்துமீறிய மேலதிகாரி மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் புறப்பட்டார். அந்த மேலதிகாரி தமிழகக் காவல்துறையின் சிறப்பு டிஜிபி. முதல்வரின் சுற்றுப்பயண பந்தோபஸ்தின்போது, ஓடும் காருக்குள் நடந்தது அது. புகாருடன் வந்தவரின் வண்டியைப் பரனூர் சுங்கச்சாவடியில் போலீஸ் படை மறித்தது. படையோடு வந்தவர் செங்கல்பட்டு மாவட்ட எஸ்.பி.

2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் சிறப்பு டிஜிபிக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காருக்குள் நடந்தது தவறா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சுங்கச்சாவடியில் நின்றவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

‘மேலிடத்து உத்தரவு, நாங்க என்ன செய்ய முடியும்?’ காக்கிச் சட்டைக்குள்ளிருந்து வழக்கமாக வரும் பதில் இது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கலவரத்தின் நடுவே ஒவ்வொரு காவலரும் உத்தரவைக் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால் ஊர் எரிந்துவிடும். ஆனால் காவலர் கீழ்ப்படியக் கடமைப்பட்டிருப்பது பதவிக்கு. பந்தோபஸ்துக்குப் போ என்று சொல்வது பதவி. என் மேல் வரும் புகாரைத் தடுத்து நிறுத்து என்று சொல்வது, மாட்டிக்கொண்ட ஒரு தனி ஆள். அவருக்குக் கீழ்ப்படியும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சாவடியில் நின்ற காவலரையும் எஸ்.பி.யையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நியாயமாகாது. மறுத்தால் காவலருக்கு மெமோ வரும், ஆயுதப்படைக்கு மாற்றல் வரும். மாதச் சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு பேர் இருப்பார்கள். எஸ்.பி.க்குச் சட்டம் தெரியும், மறுக்கும் பலமும் இருந்தது. செய்ததன் பொருள் தெரிந்தே செய்தவர் அவர்.

ஐ.பி.எஸ். அதிகாரியையே நெடுஞ்சாலையில் மறிக்க முடிந்தபோது, இன்ஸ்பெக்டரிடமிருந்து நள்ளிரவில் வரும் போனுக்கு அஞ்சும் பெண் காவலர் எங்கே போவார்? பணியிடம்தோறும் புகார்க் குழு வேண்டும், பெண் தலைமை வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும் என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம். காவல்துறையில் அந்த ஒரு வெளியாள் போதாது. நாளை யாருக்கு சல்யூட் அடிக்க வேண்டுமோ அவரையே இன்று விசாரிக்க வேண்டிய நிலை மற்ற உறுப்பினர்களுக்கு. மேலதிகாரி மீதான புகாரை அவருடைய அதிகாரத்துக்கு எட்டாதவர்களே விசாரிக்க வேண்டும்.

பரனூரில் மறித்த குற்றத்துக்காக எஸ்.பி.க்கு விதிக்கப்பட்டது 500 ரூபாய் அபராதம். அது போதாது.