தேசிங்கு ராஜாவின் வாள்

சில வருஷங்களுக்கு முன் புத்தகக் கண்காட்சிக்காக நெய்வேலி போயிருந்தபோது, ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். என்னைவிட இருபது வயது பெரியவர். சுரங்க இயந்திரங்களின் இரும்பைச் சோதித்துச் சோதித்தே ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் சொந்த வீடு. மற்றவர்கள் ரிட்டயர் ஆனதும் ஷேர் மார்க்கெட், சுந்தர காண்டம் என்று போவார்கள். இவர் பழைய கத்தி, பூட்டு, பாக்குவெட்டி சேர்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொட்டலம். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த கிராமங்களில் ஒன்று அவருடையது. வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து இறங்கிய வாள், இத்தனை வருஷமாகப் புது வீட்டு பீரோவுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும்.

"எட்டாயிரம் குடுங்க சார். தேசிங்கு ராஜா படையில இருந்த வாளு. எங்க பாட்டன் சொல்லுவாரு."

நண்பர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் எங்கே வாள் கிடைத்தாலும் அது 1714ல் ஆற்காட்டு நவாபோடு மோதி உயிர்விட்ட செஞ்சி தேசிங்குவின் வாள்தான். மதுரைக்குத் தெற்கே கிடைத்தால் கட்டபொம்மனோ மருதுவோ. சாதாரண சிப்பாய் எவனும் இந்த நாட்டில் வாளே வைத்திருக்கவில்லை போலிருக்கிறது!

நண்பர் சோதனையை ஆரம்பித்தார். நீங்களும் என்றாவது ஒரு வாள் முன்னால் உட்கார நேரலாம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையில் பிடித்து வீசிப் பார்த்தார். சண்டைக்காகச் செய்த வாளில் பெரும்பாலும் பாரம் பிடியை ஒட்டி நிற்கும், கை சீக்கிரம் வலிக்காது. சுவரில் மாட்டுவதற்காகச் செய்தது முன்பக்கம் கனத்துத் தொங்கும். அடுத்தது துரு. பழைய துரு கறுத்து, கெட்டித்துக் கிடக்கும். ஆசிட் ஊற்றிச் சில நாளில் வரவழைத்த துரு செங்கல்பொடி மாதிரி விரலில் ஒட்டும். குழிகள் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்கும். காலம் அத்தனை ஒழுங்காக வேலை செய்யாது ஸார்! பிறகு பிடியும் அலகும் சேருகிற இடம். பழைய வாள்களில் அரக்கு மாதிரியான பிசின் வைத்து இறுக்கியிருப்பார்கள். அங்கே வெல்டிங் தழும்போ எபாக்ஸி பசையோ தெரிந்தால் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

கடைசியாக, பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, அலகில் ஒரு நகக்கண் அளவு இடத்தைத் தேய்த்து மெருகேற்றி, நீர்த்த அமிலத்தைத் தொட்டு வைத்தார். (விஷயம் தெரியாமல் நீங்கள் இதைச் செய்யாதீர்கள். நல்ல வாள் பாழாகும்.) கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் காற்று பட்ட மாதிரி மெல்லிய அலைக் கோடுகள் எழுந்தன. மேலே பொறித்த டிசைன் தேய்த்தால் போய்விடும். எஃகுக்குள்ளேயே இருப்பது திரும்பி வரும். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் வாய் பிளந்ததே, அதற்கான எஃகை மண் மூசைகளில் உருக்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு. கொடுமணலில் தடயம் இருக்கிறது. பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரிலும் அந்த உலைகளின் மிச்சம் கிடைத்ததைப் பற்றி சாரதா ஸ்ரீனிவாசன் 1994ல் எழுதியிருக்கிறார்.

வாள் நிஜம். தேசிங்கு? அதைச் சொல்ல இரும்புக்கு வாய் இல்லை. பெயர் பொறித்திருந்தாலும் நம்ப முடியாது. இஸ்ஃபஹான் நகரத்துக் கொல்லர் அசதுல்லாவின் பெயர் போட்ட வாள்கள் பல தலைமுறைக் காலத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. அந்த மனுஷன் இருநூறு வயதுக்கு மேல் உயிரோடிருந்து பட்டறை நடத்தியிருக்க வேண்டும்!

கதைக்குச் சாட்சி வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். நான் பி.காம். வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்கொள்ளாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் 140 கோடிக்கு மேல். அது திப்புவுடையதுதான் என்று எப்படித் தெரியும்? 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அவர் அரண்மனையில் எடுத்து, தாக்குதலுக்குத் தலைமை வகித்த டேவிட் பெயர்டுக்குப் படை பரிசளித்த பொருள் அது. கொள்ளை அடித்தவன் ரசீது வைத்திருக்கிறான். பரணில் பத்திரப்படுத்திய குடும்பத்திடம் பாட்டன் சொன்ன வார்த்தை மட்டும்தான் இருக்கிறது.

நண்பர் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். "தேசிங்கு இல்லாமலேயே இது பல மடங்கு பெறும். அவருக்குத் தெரியலை. என்ன செய்யறது?"

"வாயை மூடிட்டு எட்டாயிரத்தைக் குடுங்க சார்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். சட்டமும் கைவசம் இருந்தது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு. பேசியே ஆகவேண்டிய கடமை இல்லாதவரை, வெறும் மௌனம் மோசடி ஆகாது. பரீட்சைக்கு நெட்டுரு போட்டது, இத்தனை வருஷம் கழித்து உதவிக்கு வந்தது. தவிர, அந்தக் கோடுகளைப் படிக்க நண்பர் ஒரு ஆயுளையே செலவழித்திருக்கிறார். அந்தப் படிப்புக்குக் கூலி கிடையாதா?

உண்டுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அரைமணி நேரமாக அந்தப் பெரியவரை நாங்கள் குற்றவாளி மாதிரி நடத்தினோம். ஒரு வெல்டிங் தழும்பை அவர் மறைத்திருந்தால் 'ஏமாத்துக்காரன்' என்றிருப்போம். இப்போது மறைக்கிற முறை எங்களுடையது. அதற்குப் பெயர் வியாபாரம். வாள் போலியாக இருந்திருந்தால் எனக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது, நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பேன்.

ரோமாபுரி சிசரோ, கி.மு. 44ல் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' என்ற நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலம் வாங்கப் போனார். கடைசி விலை என்ன என்று கேட்டார். விற்பவர் சொன்னார். "என் கணக்கில் இது அதற்கு மேல் பெறும்" என்று ஒரு லட்சம் நாணயம் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார் ஸ்கேவோலா. நல்லவர் செய்கிற காரியம் என்பதை யாரும் மறுக்கவில்லையாம். புத்திசாலி செய்கிற காரியம் இல்லை என்றார்களாம். இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு இந்திரா நகர் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல் பக்கத்தில் நின்றுகொண்டு நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

நண்பர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். பெரியவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெரியவரே, தேசிங்கு ராஜா கதை நிக்காது. அதுக்கு ஆதாரம் கிடையாது. ஆனா வாள் அசல். எட்டாயிரத்துக்குக் குடுத்துடாதீங்க. அவ்வளவு பணம் எங்கிட்ட இல்ல, நான் விசாரிச்சுச் சொல்றேன்."

பெரியவர் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டார். மீதி அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"எங்க பாட்டன் பொய் சொல்ற ஆளு இல்ல சார்."

வாளை வேட்டியில் சுற்றினார். நண்பர் வாசல்வரை பின்னாலேயே போய் விலையைத் திரும்பச் சொன்னார். தன் போன் நம்பரை எழுதி நீட்டினார். பெரியவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார்.

போன் வரவில்லை. அந்த வாள் இன்னும் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதா, எட்டாயிரத்துக்கோ அதற்கும் குறைவாகவோ பழைய இரும்புக் கடைக்குப் போனதா, அந்தப் பெண் காலேஜில் சேர்ந்தாளா என்று நண்பர் ஒவ்வொரு முறை பேசும்போதும் கேட்டுக்கொள்கிறார், என்னையல்ல, தன்னைத்தான்.

"வாள் அசல்னு மொதல்ல சொல்லியிருக்கணும்பா. வரிசையை மாத்திட்டேன்" என்கிறார்.