கற்ற கையும் கற்கும் கையும்

தமிழில் 'கல்' என்னும் சொல் பாறையையும் குறிக்கும். படி என்று ஏவவும் செய்யும். பொன்முடிக்குச் செல்லும் வழியில் கல்லாற்றின் உருண்ட கற்களைக் காணும்போது, இவ்விரு பொருளும் ஒருங்கே நம் நெஞ்சில் எழும். ஓயாத நீரோட்டமன்றோ அக்கற்களை வழவழப்பாக்கியது! அக்கல்லாற்றுக் காட்டில் மூலிகை மருத்துவம் புரிந்த காணி இனத்து இலட்சுமிக்குட்டி அம்மையார், தம் தாயிடம் கற்ற அறிவுக்காக 2018-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். மருத்துவ அறிவு கல்லூரிச் சுவர்களுக்குள் மட்டும் அடங்குவதன்று என்பதற்கு அவர் சான்று.

பல்லாண்டு பழகிய மருத்துவரும் மேலும் கற்க வேண்டுமா? கற்கும் காலத்துப் பிழையை யார் சுமப்பது? மூக்குச் சீரமைப்பின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை பகர்கிறது.

'மூக்கறுபட்டான்' என்றால் மானமிழந்தான் என்பது நம் வழக்கு. 1792-ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், திப்புவின் வீரர்களிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். பின்னர்ப் பூனாவுக்கு அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், மெழுகால் மூக்கின் அளவெடுத்து, நெற்றித் தோலை அவ்வளவில் அறுத்துத் திருப்பிப் புதுமூக்கு அமைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் அதனை நேரில் கண்டனர். 1794-இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்த கடிதம் இச்செய்தியைப் பரப்பியது. அக்கைவினைஞரின் பெயரை மட்டும் அது கூறவில்லை.

அச்செய்தியை உளங்கொண்ட ஜோசப் கார்ப்யூ என்னும் இலண்டன் அறுவை மருத்துவர், பிணங்களின்மீது அம்முறையைப் பயின்ற பின்னரே, 1814-இல் உயிருள்ள மனிதர் ஒருவருக்கு அதனைச் செய்தார். 1816-இல் நூலாகவும் வெளியிட்டார். கற்றறிந்த ஒருவர், தாம் அறியாத ஒரு கைவினைஞரின் மாணவரானார். பயிற்சியின் பிழைகளை நோயாளிமேல் சுமத்தவுமில்லை. சுசுருதரும் தம் மாணவரைப் பூசணி, சுரை முதலிய காய்களில் அறுத்துப் பழகச் செய்தாரன்றோ?

இன்று அறம் இன்னும் கடினமாகிறது. இழந்த மூக்கை மீட்பது ஒன்று. நலமாயுள்ள மூக்கை அழகுக்காகத் திருத்துவது வேறு. பின்னதில், குறையாதும் இல்லாத உடலே கத்திக்கு உள்ளாகிறது. வீக்கம் முற்றும் வடிந்து உண்மை வடிவம் தெரிய ஓராண்டேனும் ஆகும், தழும்பு இறுகும், குருத்தெலும்பு வளையவும் கூடும். ஆகவே, இன்றைய அறுவையின் பாடத்தை மருத்துவர் அடுத்த ஆண்டுதான் படிக்க இயலும். நோயாளியை மீண்டும் அழைத்துப் பாராதவர், ஆயிரம் மூக்குகளைத் திருத்தியிருப்பினும் அப்பாடத்தைப் படித்தவராகார்.

எனவே மூன்று கடமைகளை நாம் வற்புறுத்துவோம். புதுமுறையைக் கையாளுமுன் அஃது எத்தனையாம் முறை என்பதை நோயாளியிடம் மறையாது உரைத்தல். தம் பிழையைத் தாமே தேடிக் காணல். தம் கைக்கு எட்டாததை ஏலாதென மறுத்தல்.

பிறந்த மண்ணை விட்டு வந்து, பிள்ளைகளை மருத்துவராக்க அரும்பாடுபடும் குடும்பங்கள் நாம். பட்டம் பெற்ற நாளில் அவர்களை வாழ்த்துவோம். 'கல்' என்னும் ஏவலை அன்றும் அவர்கள் செவியில் ஓதுவோம்.