வல்லுநர் வாக்கும் நம் பொறுப்பும்

"டாக்டரே சொல்லிவிட்டார்", "விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்" என்று ஒருவர் சொன்னதும் எதிரே இருப்பவர் பெரும்பாலும் வாயடைத்துப் போகிறார். மறுத்துப் பேசினால் படித்தவரை மதிக்காதவர் என்ற பெயர் வரும். ஒப்புக்கொண்டாலோ பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இதற்கு நேர் எதிரான பழக்கம் ஒன்றும் வளர்ந்திருக்கிறது. எந்த நிபுணரும் யாருக்காவது விலைபோனவராகத்தான் இருப்பார், ஆகவே ஒருவர் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை என்பது அது. முதல் பழக்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. இரண்டாவது எல்லாவற்றையும் தட்டிக்கழிக்கிறது. ஆராயும் சிரமம் இரண்டிலுமே மிச்சம். பிறர் அறிவை நம் வாதத்துக்குத் துணைக்கு அழைப்பது எப்போது நேர்மையானது என்ற கேள்வியைத் தர்க்கவியல் வகுப்போடு விட்டுவிட முடியாது. அப்படி எழுப்பிய வாதத்தை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தலாம்; ஒருவர் சிறைக்குப் போகலாம்; ஓர் ஊரே அணைக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கலாம், அல்லது தூக்கம் தொலைக்கலாம். நிபுணரின் பெயரைச் சொல்பவர், அவர் அந்த விஷயத்தை எப்படி அறிந்தார் என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிறர் சொல்லை நம்பாமல் வாழ முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பூமியின் வயது முதல் நாம் விழுங்கும் மாத்திரையின் பலன்வரை நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை நாம் சோதித்துப் பார்த்தவர்கள் அல்லர். இந்தியத் தத்துவ மரபு இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. நியாயத் தரிசனம் நம்பத்தக்கவரின் உரையைத் தனி அளவையாகவே ஏற்கிறது. யார் நம்பத்தக்கவர்? பொருளை நேரடியாக அறிந்தவர். அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அத்தரிசனத்தின் மூல நூலுக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர் சேர்த்துச் சொல்கிறார். குலத்தாலோ பட்டத்தாலோ வருவதல்ல அந்தத் தகுதி. பௌத்தர் இன்னும் கறாரானவர்கள். மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசிக்கும் அளவையியல் காட்சி, கருதல் (அனுமானம்) என்ற இரண்டை மட்டுமே ஏற்று, மற்றவை அனைத்தையும் கருதலுக்குள் அடக்கிவிடுகிறது. அதன்படி, ஒருவர் சொல்லை நம்பி ஒன்றை ஏற்பதும் ஓர் அனுமானமே: இவர் இதைக் கற்றவர், பொய் சொல்லக் காரணம் இல்லாதவர், ஆகவே இவர் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும். அனுமானம் என்றால் அதன் ஒவ்வொரு கண்ணியையும் காட்டியாக வேண்டும். "அவரே சொன்னார்" என்பதோடு நிறுத்திக்கொள்பவர் கண்ணிகளை மறைத்துவிட்டு முடிவை மட்டும் நீட்டுகிறார்.

அந்தக் கண்ணிகளில் ஒன்று அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு கொடுமையான சான்று. வழக்கறிஞரான அவருடைய முதல் ஆண் குழந்தை 1996 டிசம்பரிலும், இரண்டாவது ஆண் குழந்தை 1998 ஜனவரியிலும், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் இறந்தன. இருவரையும் கொன்றதாக 1999 நவம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு சாட்சிகளில் ஒருவர் சர் ராய் மெடோ. குழந்தை வதை பற்றிய ஆய்வுகளால் பெரும்புகழ் பெற்ற குழந்தைநல மருத்துவர். புகைபிடிக்காத, வருமானமுள்ள, தாய் மிக இளவயதினராக இல்லாத ஒரு குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணம் நிகழும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஒரே வீட்டில் இரண்டு முறை அப்படி நிகழ்வது ஏறக்குறைய 7.3 கோடியில் ஒன்று என்றார் மெடோ. குதிரைப் பந்தயத்தில் 80-க்கு 1 என்ற நிலையில் ஓடும் குதிரைமேல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பணம் கட்டி, நான்கு முறையும் ஜெயிப்பது போன்றது என்று ஜூரிகளுக்கு விளக்கவும் செய்தார்.

அந்தப் பெருக்கல் செல்லுபடியாக வேண்டுமானால் முதல் மரணத்துக்கும் இரண்டாவது மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஆனால் அக்குழந்தைகளுக்குத் தாய்தந்தை ஒன்று, வீடு ஒன்று. மரபணுவிலும் பெரும்பங்கு பொது. முதல் குழந்தையைப் பறித்த காரணம் இரண்டாவதையும் பறித்திருக்கலாம். அதைவிட ஆழமான பிழை ஒன்றும் இருந்தது. இரண்டு திடீர் மரணங்கள் அரிது என்பது உண்மைதான். ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொல்வதும் அரிதுதான். இரண்டு அரிய நிகழ்வுகளில் எது கூடுதல் சாத்தியம் என்று ஒப்பிடாமல், ஒன்றின் அரிதான தன்மையையே மற்றதற்குச் சான்றாக்கியது அந்த எண். 2000-இல் முதல் மேல்முறையீடு தோற்றது. பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கம் 2001-இல் அந்தக் கணக்குக்கு அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் கண்டறியப்பட்ட கிருமித்தொற்று பற்றிய சோதனை முடிவுகளைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் வெளியிடவில்லை என்பது பின்னர் தெரியவர, 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. 2007-இல் சாலி கிளார்க் இறந்துபோனார்.

மெடோ பொய் சொன்னவர் அல்லர். 2005-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. மறு ஆண்டே நீதிமன்றம், அவர் நல்லெண்ணத்தோடுதான் சாட்சி சொன்னார் என்று கூறி அந்த முடிவை மாற்றியது. அறிவும் இருந்தது, நேர்மையும் இருந்தது; அப்படியிருந்தும் சாட்சியம் பிழையாகப் போனது. அவர் அறிந்தது குழந்தை மருத்துவம். அன்று அவர் சொன்னது நிகழ்தகவுக் கணக்கு. நியாயத் தரிசனத்தின் முதல் நிபந்தனை, சொல்லும் பொருளையே அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது. வேறொரு பொருளைக் கரைத்துக் குடித்தவர் என்பதால் அது நிறைவேறிவிடாது. ஒரு துறையில் கிடைத்த மதிப்பு அடுத்த துறைக்குள் நுழையும்போது யாரும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை என்பதுதான் ஆபத்து. பொறுப்பு அவரோடு முடிவதும் இல்லை. அந்த எண்ணை வழக்கின் பலமாக்கிக்கொண்ட அரசுத் தரப்புக்கும், அதைப் பெரிய எழுத்தில் பரப்பியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நிபுணர் தன் எல்லையைத் தாண்டும்போது, அவரை மேற்கோள் காட்டுபவரும் கூடவே தாண்டுகிறார்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். நிபுணரை எடைபோடும் அளவுக்கு அறிவு இருந்தால் நிபுணரே தேவையில்லையே. பாமரர் எதை வைத்து எடைபோடுவார்? நிபுணரின் முடிவைச் சரிபார்ப்பது வேறு. அந்த முடிவு நம்மிடம் வந்து சேர்ந்த வழியைச் சரிபார்ப்பது வேறு. சாலி கிளார்க் வழக்கில் ஜூரிகள் நிகழ்தகவுக் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை. இந்த எண் மருத்துவரின் துறையைச் சேர்ந்ததா, புள்ளியியலாளர் யாரையாவது கேட்டீர்களா, ஏன் பெருக்கினீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றும் சாதாரணக் கேள்விகள். இந்தியச் சட்டமும் இந்த வழியைத்தான் காட்டியது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு நிபுணர் கருத்தை ஏற்கத்தக்கதாக்கியது. 51-ஆம் பிரிவு, அந்தக் கருத்துக்கான காரணங்களையும் வழக்குக்குத் தொடர்புடையவை ஆக்கியது. எப்படிச் சோதித்தேன் என்று நிபுணர் விளக்கலாம். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிமன்றம் காரணம் கேட்கும்போது, நடுவீட்டு விவாதத்தில் காரணம் கேட்பது மட்டும் மரியாதைக்குறைவு ஆகிவிடாது.

தன் துறைக்குள்ளேயே நின்று பேசும் நிபுணரிடம் வேறு வகைச் சிக்கல் வருகிறது. நவீனப் புள்ளியியலைக் கட்டி எழுப்பியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் ஆர்.ஏ. ஃபிஷர். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் வலுவான தொடர்பு இருப்பதை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1950-களின் பிற்பகுதியில் ஃபிஷர் அதை வன்மையாக மறுத்தார். ஒருவரைப் புகைக்கத் தூண்டும் மரபுக் கூறே அவருக்குப் புற்றுநோயையும் தரலாமே என்பது அவர் கேள்வி. அவர் புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஊதியம் பெற்ற ஆலோசகர், பைப் புகைப்பவரும்கூட. அதனாலேயே அவர் சொன்னதைத் தள்ளிவிடலாமா? கூடாது, ஆதாயம் பெறுபவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கருத்தையும் வாதத்தையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் காரணம் காட்டி வாதாடினால், அந்தக் காரணத்தை எடைபோட வேண்டும். அவருடைய சட்டைப்பைக்கு அங்கே வேலை இல்லை. "நான் சொல்கிறேன், நம்புங்கள்" என்று தன் பெயரையே சான்றாக வைத்தால், அவருக்கு யார் பணம் தருகிறார் என்பது சான்றின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. ஃபிஷரின் வாதத்துக்கு முறையான பதிலே கிடைத்தது. புகைப்பவர்களுக்கு ஏறக்குறைய 9 மடங்கு கூடுதலாக இருக்கும் ஆபத்தை மறைந்திருக்கும் ஒரு கூறு மட்டுமே விளைவிக்கிறது என்றால், அந்தக் கூறும் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும் என்று ஜெரோம் கார்ன்ஃபீல்டும் பிறரும் 1959-இல் காட்டினார்கள். அப்படி ஒரு கூறு யாருக்கும் அகப்படவில்லை. அதற்குப் பிறகும் ஃபிஷரின் பெயரை மட்டும் ஏந்தித் திரிந்தவர்களிடம் வாதம் மிஞ்சவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை ஏற்க மறுக்கும் பிடிவாதம்தான் மிஞ்சியது.

ஒரு நிபுணரைவிட நிபுணர் கூட்டத்தின் ஒருமித்த முடிவுக்கு எடை ஏன் கூடுகிறது என்பதும் அதே வரலாற்றில் தெரிகிறது. அமெரிக்கத் தலைமைப் பொதுநல மருத்துவர் லூதர் டெர்ரி, புகைத்தலை ஆராய 10 பேர் கொண்ட குழுவை அமைத்தார். இந்தப் பிரச்சினையில் ஏற்கெனவே பகிரங்கமாக நிலை எடுத்தவர்களுக்கு அதில் இடமில்லை. பரிசீலனைப் பட்டியலில் இருந்த பெயர்களில் வேண்டாதவரை நீக்கும் உரிமை புகையிலைத் தொழில் அமைப்புக்கும் தரப்பட்டது. குழுவில் பாதிப்பேர் புகைப்பவர்கள். அவர்கள் 7,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை அலசி, ஆண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட் காரணம் என்று 1964 ஜனவரியில் அறிவித்தார்கள். பத்துத் தலைகளின் எண்ணிக்கையால் மட்டும் அந்த அறிக்கைக்கு எடை வந்துவிடவில்லை. எதிர்முடிவுக்கு வர எல்லா வாய்ப்பும், சிலருக்கு ஆசையும்கூட இருந்த நிலையில், சான்று அவர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே குருவின் சீடர்கள் பத்துப் பேர் ஒரே பாட்டைப் பாடினால் அது ஒரு சாட்சிதான். தனித்தனி வழியில் வந்த பத்துப் பேர் ஒரே முடிவை எட்டினால்தான் அது பத்துச் சாட்சி.

கூட்டமே தவறியதும் உண்டே, தனி ஒருவர் ஜெயித்ததும் உண்டே என்பது அடுத்த ஆட்சேபணை. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் அமிலமும்தான் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஒரு பாக்டீரியாவைச் சுட்டிக்காட்டினார்கள். நம்பாதவர்களுக்குக் காட்ட, 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் அவர்களை ஜெயிக்க வைத்தது தனித்து நின்ற வீரம் அன்று. பிறரும் செய்து சரிபார்க்கக்கூடிய சோதனைகள். அந்தச் சோதனைகளைக் கண்டு, முன்பு சந்தேகித்த அதே மருத்துவ உலகம் பத்தே ஆண்டுகளில் கருத்தை மாற்றிக்கொண்டது. தனித்து நின்று தவறிய எண்ணற்றவர்களை நாம் மறந்துவிட்டதால்தான், தனித்து நிற்பதே உண்மைக்கு அடையாளம் என்று தோன்றுகிறது. பெரும்பான்மை தவறக்கூடும் என்பது, சான்று வரும்போது கேட்கத் தயாராக இருப்பதற்கான காரணம். சான்றே இல்லாமல் எதிர்க்குரலைப் பிடித்துக்கொள்ள அது காரணம் ஆகாது.

நிபுணர் வாக்குக்கு இன்னோர் எல்லையும் உண்டு. முல்லைப் பெரியாறு அணை வழக்கில் தமிழகமும் கேரளமும் தத்தம் நிபுணர்களின் அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் முன்வைத்தன. ஒவ்வொரு தரப்பும் தான் அமர்த்திய நிபுணரைக் காட்டும்போது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இரு மாநிலங்களின் பிரதிநிதிகளும் இடம்பெற்ற ஐவர் குழுவை உச்ச நீதிமன்றம் 2010-இல் அமைத்தது. அக்குழு பல சோதனைகளை நடத்தி அறிக்கை தந்த பிறகே, 142 அடி வரை நீர் தேக்கலாம் என்ற 2014 தீர்ப்பு வந்தது. கட்டுமானம் எவ்வளவு சுமை தாங்கும், எவ்வளவு வெள்ளம் வரலாம் என்பவை பொறியாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். எஞ்சியிருக்கும் சிறு ஆபத்தை யார் சுமப்பது, அதற்கு ஈடாக யாருடைய வயலுக்கு நீர் என்பது நீதி பற்றிய கேள்வி. அங்கே பொறியாளரின் குரல் மற்றக் குடிமக்களின் குரலைவிட ஓங்கியதன்று. "நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்" என்று ஓர் அரசு தன் முடிவை நியாயப்படுத்தும்போது, எந்தப் பகுதியை நிபுணர்கள் சொன்னார்கள், எந்தப் பகுதியை அரசு தீர்மானித்தது என்று பிரித்துக் கேட்பது குடிமக்களின் உரிமை.

இத்தனை கேள்விகளோடு யாரால் பேச முடியும், காய்ச்சலுக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் ஊதியக் கணக்கா கேட்பது என்று தோன்றலாம். தேவையில்லை. தன் வாழ்க்கைக்கு ஒருவர் ஒரு சொல்லை நம்புவது ஒன்று; அந்தச் சொல்லைக் கொண்டு பிறரை ஒரு முடிவுக்குத் தள்ளுவது வேறு. பொறுப்பின் கனம் இரண்டாவதில்தான். பிறருக்கு நேரும் பாதிப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அந்தக் கனமும் கூடும். ஆகவே வல்லுநர் வாக்கை வாதத்தில் வைப்பவர், அவர் துறை எது, எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார், அதே துறையில் மாற்றுக் கருத்து எவ்வளவு, அவருக்கு அதில் ஆதாயம் உண்டா என்பவற்றைக் கேட்காமலே சொல்லிவிடுவதுதான் முறை. தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி, வாதத்தின் குரலையும் அந்த அளவுக்குத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இப்படிச் சொல்லும்போது சில வாதங்கள் மெலிந்து போகும். அவை முன்பும் மெலிந்தவைதான்; ஒரு பெரிய பெயர் அதை மறைத்திருந்தது.