அந்தோனியார் ஆலயத்தில் சிந்திய இரத்தம்

1953 நவம்பர் 5 காலை, திரியெஸ்தே நகரத்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துவிட்டு ஊர்வலமாகப் புனித அந்தோனியார் ஆலயச் சதுக்கத்துக்கு வந்தார்கள். இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் உரிமை கோரிய துறைமுக நகரம் அது. 1947ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கை அந்தப் பகுதியைத் தனிப் பிரதேசமாக்கியது. நகரம் அடங்கிய ‘ஏ’ மண்டலம் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ நிர்வாகத்திலும், ‘பி’ மண்டலம் யூகோஸ்லாவியாவின் கையிலும் இருந்தன. 1953 அக்டோபர் 8 அன்று ‘ஏ’ மண்டலத்தை இத்தாலியிடம் ஒப்படைக்கப்போவதாக லண்டனும் வாஷிங்டனும் அறிவித்தன. யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ எதிர்த்ததும் விஷயம் இழுபறியானது. நவம்பர் 3 அன்று நகரமன்றக் கட்டடத்தில் மேயர் ஏற்றிய இத்தாலியக் கொடி இறக்கப்பட்டது. ஊர் கொதித்தது.

சதுக்கத்தில் கல்வீச்சு நடந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழிருந்த உள்ளூர்ப் போலீசார் தடியடியில் இறங்க, மாணவர்கள் ஆலயத்துக்குள் ஓடினார்கள். போலீசார் அங்கும் துரத்திச் சென்று அடித்தார்கள். ஆலயத் தரையில் இரத்தம் சிந்தியது. அன்று பிற்பகலே ஆயர் அந்தோனியோ சாந்தின் ஆலயத்தை மீண்டும் புனிதப்படுத்த வந்தார். திரண்ட கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்த இருவரில் ஒருவனுக்கு வயது 15. மறுநாள் மேலும் நால்வர் இறந்தார்கள்.

அன்று கறைபட்டது எது? கல்லும் சுண்ணாம்புமா, அடைக்கலம் தேடி வந்த பிள்ளைகளா?

அப்போது நடப்பிலிருந்த 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பேசியது. ஆலயத்துக்குள் கொலை நடந்தாலோ கொடிய முறையில் இரத்தம் சிந்தினாலோ ஆலயம் தீட்டுப்படும்; பரிகாரச் சடங்கு முடியும்வரை அங்கே வழிபாடு கூடாது. நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயமானால் நீரோடு உப்பு, சாம்பல், திராட்சை ரசம் கலந்து மந்திரித்த தீர்த்தம் தெளிக்க வேண்டும். உயிரற்ற சுவருக்கு ஏன் இந்தச் சடங்கு என்ற கேள்வியை இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டார். சுவர் அருளைப் பெறாது. ஆனால் இறைவழிபாட்டுக்கு ஏற்ற தகுதியை அது நேர்ந்தளிப்பால் பெறுகிறது, அதனால் மனிதருக்குள் பக்தி எழுகிறது என்பது அவர் தந்த விளக்கம். அப்படியானால் கல்லின் புனிதம் முழுக்க மனிதரை நோக்கியே இருக்கிறது. பிள்ளையின் தலையை உடைத்த அடியும் ஆலயத்தைத் தீட்டாக்கிய அடியும் ஒன்றுதான்.

அடைக்கலம் பற்றிய விதி இன்னும் ஆழமானது. பழைய ஏற்பாடு கைப்பிசகாகக் கொன்றவருக்கு ஆறு அடைக்கல நகரங்களை ஒதுக்கியது. திட்டமிட்டுக் கொன்றவனைப் பலிபீடத்திலிருந்தும் இழுத்துச் செல்லலாம் என்றது. கொலைப் பழி சுமந்த படைத்தலைவன் யோவாப் பீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டபோதும், மன்னர் சாலமோன் அவனை அங்கேயே வெட்டச் செய்தார். திருச்சபைச் சட்டமோ குற்றவாளிக்கும் இடம் கொடுத்தது: அவசரத் தேவை இல்லாவிட்டால், ஆயரோ ஆலயப் பொறுப்பாளரோ சம்மதிக்காமல் அவரை வெளியே இழுக்கக் கூடாது. நியாயம் யார் பக்கம் என்று ஆலய வாசல் கேட்பதில்லை. அடிப்பவன் கையைச் சற்று நிறுத்தி வைப்பதே அதன் வேலை. ஆகவே மாணவர்கள் கல் எறிந்தார்கள் என்ற வாதம் வாசலுக்கு வெளியே மட்டுமே செல்லும். உள்ளே ஒடுங்கி நின்றவர்களை அடிக்க எந்த அவசரமும் இருந்திருக்க முடியாது.

இதே நகரத்தின் ஸ்லோவேனியர்களையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்களது பண்பாட்டு இல்லமான நரோத்னி தோம் 1920 ஜூலை 13 அன்று எரிக்கப்பட்டது. இத்தாலியின் பாசிச ஆட்சி அவர்களது மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டி, ஆலயத்திலிருந்தும் விரட்ட முனைந்தது. அதை எதிர்த்த ஆயர் லுயிஜி ஃபோகார் 1936இல் பதவி விலக நேர்ந்தது. தாய்மொழியில் ஜெபிக்க வந்தவரைத் தடுப்பது சட்டத்தின் தீட்டுப் பட்டியலில் இல்லை. அதற்குத் தீர்த்தம் தெளிக்கும் சடங்கும் இல்லை. இரத்தம் சிந்துதல் போன்ற சில செயல்களை மட்டும் அளவுகோலாக வைத்த விதியின் பெரிய குறை இது.

1954 அக்டோபரில் லண்டன் ஒப்பந்தப்படி ‘ஏ’ மண்டலம் இத்தாலியின் நிர்வாகத்துக்கு வந்தது. 1983இல் வெளியான புதிய திருச்சபைச் சட்டத்தில் அடைக்கல விதி இடம்பெறவில்லை. தீட்டு பற்றிய விதி மாறிய வடிவில் தொடர்கிறது: கொலை, இரத்தம் முதலியவற்றின் பட்டியல் போய், இறைமக்களுக்கு இடறலாகும் கொடுஞ்செயல் எதுவானாலும் அதன் தன்மையை ஆயர் எடைபோட வேண்டும், தவச் சடங்கால் அந்தத் தீங்கு ஈடுசெய்யப்படும்வரை அங்கே வழிபாடு நடக்கலாகாது.