மூன்று மாதக் கணக்கு

ஆறாம் வாரம்

கேஷ் கவுண்டரில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நோட்டுக்கு வாசம் உண்டு என்பது இந்த வாரம்தான் தெரிகிறது. எங்கள் கிளை நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம். பத்தரை மணிக்கு மீன் வியாபாரிகள் ஐஸ் தண்ணீர் சொட்டும் பையில் பணம் கொண்டுவருவார்கள். ஈர நோட்டை மெஷின் எடுக்காது, கையால்தான் எண்ண வேண்டும். இன்று நாற்பத்தேழாவது நோட்டில் எழுந்து ஓடினேன். திரும்பி வந்து ஒன்றிலிருந்து எண்ணினேன்.

“கேஸ்ட்ரிக்” என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டபின் இங்கே யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

ஏழாம் வாரம்

டாக்டர் ஏழு வாரம் என்கிறார். கரு உண்டாகி ஐந்து வாரம்தான் இருக்கும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். எங்கள் பாஷையில் வேல்யூ டேட்: பதிவு இன்றைக்கு, கணக்கு முன்தேதியிலிருந்து. ஸ்கேனில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒன்று. அதற்குள் ஏதோ துடித்தது.

அம்மா போனில் சொன்னாள்: “மூணு மாசம் முடியட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாதே, கண்ணு பட்டுடும்.” டாக்டர் கண்ணேற்றைப் பற்றிப் பேசவில்லை. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நடக்கின்றன என்றார். சொன்ன காரணம் வேறு. இருவரும் கோடு போட்ட இடம் ஒன்றே.

எட்டாம் வாரம்

ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஏலக்காய் டப்பாவில் இருக்கிறது. பதினொரு மணி டீயை வாங்கி, ஆறவிட்டு, வாஷ்பேசினில் ஊற்றுகிறேன். புரமோஷன் இன்டர்வியூ வருகிறது. அந்த அறையில் என் வயிறு எனக்கு முன்னால் போய் உட்கார வேண்டாம்.

நீரா மாத்தூர் வழக்கை நினைத்துக்கொண்டேன். அவர் வேலைக்குச் சேரும்போது எல்.ஐ.சி. கொடுத்த படிவம், கடைசி மாதவிடாய் எந்தத் தேதி, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் கேட்டது. பிறகு அவர் மகப்பேறு விடுப்பில் போனார். அந்தப் படிவத்தில் உண்மையை மறைத்தார் என்று, தகுதிகாண் பருவத்திலேயே வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுத்துவிடவும் சொன்னது. ஒரு பெண்ணின் கூச்சமும் தன்மானமும் பதில் சொல்ல விடாத கேள்விகள் சில உண்டு என்று நீதிமன்றத்துக்குப் புரிந்தது.

என்னிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. “என்னம்மா, முகமே சரியில்லையே?” என்கிறார்கள், அவ்வளவுதான். அன்பாகக் கேட்கும்போது பொய் சொல்வது படிவத்தில் பொய் எழுதுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்பதாம் வாரம்

இது இரண்டாவது. முதலாவது மூன்று வருஷத்துக்கு முன் இதே ஒன்பதாம் வாரத்தில் நின்றுபோனது. வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் யாருக்கும் தெரியாது. லீவு லெட்டரில் ‘டைஃபாய்டு, ஐந்து நாள்’ என்று எழுதினேன். ஆறாம் நாள் கவுண்டரில் இருந்தேன். உதிரம் இன்னும் நின்றிருக்கவில்லை.

ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த ஒரு மேடம் அன்று மதியம் என் பக்கத்தில் வந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். பூண்டுக் குழம்பு. தினமும் தயிர்சாதம் கொண்டுவருகிறவர்.

“நானும் தொண்ணூத்தெட்டுல ஒரு தடவை டைஃபாய்டுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்” என்றார்.

என் சோற்றில் குழம்பை ஊற்றினார். பிறகு பாஸ்புக் பிரிண்டர் மறுபடி மக்கர் பண்ணுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் குனிந்து சாப்பிட்டேன்.

பத்தாம் வாரம்

அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் வருஷத்து மகப்பேறு பயன் சட்டத்தை இன்று முழுதாகப் படித்தேன். 2017 திருத்தம் கொடுத்த 26 வாரம் எல்லோருக்கும் தெரியும். அதன் ஒன்பதாம் பிரிவில் இன்னொன்று இருந்தது: கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு. நான் எடுத்தது ஐந்து நாள். அதையும் வேறொரு நோயின் பெயரில்.

சான்று காட்டினால்தான் கிடைக்கும். வந்ததையே சொல்லாதவள் போனதற்கு எப்படிச் சான்று நீட்டுவாள்?

நான்காம் பிரிவு இன்னும் கறாராகப் பேசுகிறது. அந்த ஆறு வாரமும் அவளை எந்த முதலாளியும் தெரிந்தே வேலைக்கு வைத்திருக்கக் கூடாது. ‘தெரிந்தே’ என்ற சொல்லுக்கு மேல் படிக்க முடியவில்லை. அன்று என் எதிரே வரிசையில் நின்றவர்கள், மேனேஜர், பக்கத்துக் கவுண்டர், யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

பதினொன்றாம் வாரம்

மூடி வைப்பது தப்பு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. என் உடம்பின் செய்தியை எப்போது சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்வேன். ஆனால் சந்தோஷத்தைப் பொத்திவைத்த அதே துணிதான் துக்கத்தையும் பொத்தியது. துக்கத்துக்கு மூச்சு விட ஓர் ஓட்டையாவது இருந்திருக்கலாம்.

மேனேஜரிடம் அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம். இன்று காலை கவுண்டர் திறக்குமுன் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன். என்னைவிட ஆறு வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“நாள் தள்ளிப் போயிருக்கு. பதினோரு வாரம். வாழ்த்துச் சொல்லாதே. நான் திடீர்னு டைஃபாய்டுன்னு லீவு எழுதினா அது என்னன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

பத்தரைக்கு முதல் மீன் வியாபாரி வந்து, வழக்கம்போல என் கண்ணாடிக்கு அடியில் ஈரப் பையை நீட்டினார். அவள் எட்டிக் கையை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.