கரடியின் மூக்கு சுருங்கிய கதை

2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டத்து வெள்ளநாட்டில் ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் கரடி விழுந்துவிட்டது. கோழி பிடிக்க ராத்திரியில் வந்த தேன்கரடி. மறுநாள் காலையில் மேலிருந்து மயக்க ஊசி போட்டார்கள். வலையில் ஏந்தி இழுப்பதற்குள் மருந்து வேலை செய்து, கரடி தண்ணீருக்குள் சரிந்தது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. பிழைக்க வைக்கப் போட்ட ஊசி அது.

ஊசியும் கரடியும் சந்திக்கிற இன்னொரு இடம் உண்டு: கையால் கரடிப் பொம்மை செய்பவர்களின் மேசை. அங்கே இருக்கும் ஊசிக்குக் காது கிடையாது, நூல் கோக்க முடியாது. முக்கோண வடிவக் கம்பி. அதன் விளிம்புகளில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னச் சின்ன வெட்டுகள். கம்பளி இழைக் குவியலில் குத்தினால் அந்த வெட்டுகள் இழைகளைக் கொக்கி போட்டு உள்ளே இழுக்கும். வெளியே வரும்போது அப்படியே விட்டுவிட்டு வரும். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் இருப்பதால் உள்ளே போன இழை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான குத்துகளுக்குப் பிறகு உப்பலாக இருந்த பஞ்சு இறுகி, ஒரு மூக்காகவோ இமையாகவோ நிற்கும். நீடில் ஃபெல்ட்டிங் என்பது இவ்வளவுதான். நேராகக் குத்தி நேராக எடுக்க வேண்டும். கை சாய்ந்தால் முனை ஒடியும், இல்லையென்றால் விரலில் ஏறும். உருவத்தைப் பிடிக்க முதலில் 36ஆம் எண் ஊசி, மெருகேற்ற 40, 42. எண் ஏற ஏற ஊசி மெலியும்.

திருவனந்தபுரத்து வீட்டுத் தலையணைகளில் கிடக்கும் இலவம்பஞ்சை எடுத்து இதைச் செய்து பார்க்கிறவர் ஏமாந்துபோவார். இலவ இழை வழவழப்பானது, மேலே மெழுகு பூசினாற்போல. எத்தனை குத்தினாலும் ஒன்றையொன்று பிடிக்காது. கடலோர வெக்கையில் யாரும் உடுத்தாத கம்பளிதான் இந்த வேலைக்கு வேண்டியிருக்கிறது.

கம்பளி குத்துவதற்கு முன்னால் நூல் வேலை இருக்கிறது. அங்கோரா ஆட்டின் மொஹேர் துணியில் தைத்த தலையைக் கல் போல அடைத்துவிட்டு, விரல் நீள ஊசியில் மெழுகிட்ட நூல் கோத்து, கண்ணின் உள் மூலையில் நுழைத்துத் தாடைக்கு அடியில் எடுத்து இழுப்பார்கள். இழுத்த இழுப்பில் கண்குழி விழும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் கரடி யோசிக்கும். இன்னும் இழுத்தால் அழும். நூலையாவது அறுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். குத்தி இறுக்கிய கம்பளியைப் பழையபடி பஞ்சாக்க முடியாது. ஆகவே கைதேர்ந்தவர்கள் முதலில் நூலில் முகத்தைத் தேடுகிறார்கள், கிடைத்த பிறகே கம்பளிக்கு வருகிறார்கள்.

தேடிக் கிடைக்கிற முகம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதுதான் யோசிக்க வைக்கிறது. அகன்ற நெற்றி, கீழே இறங்கிய கண், குட்டை மூக்கு. அதாவது, கரடித் தோல் போர்த்திய கைக்குழந்தை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1902 நவம்பரில் மிசிசிப்பிக் காட்டுக்கு வேட்டைக்குப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கரடியும் அகப்படவில்லை. வழிகாட்டி ஹோல்ட் கோலியர் ஒன்றைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார். கட்டிப்போட்டதைச் சுட மாட்டேன் என்றார் ரூஸ்வெல்ட். கிளிஃபர்ட் பெரிமன் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார், ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரான டெடியிலிருந்து பொம்மைக் கரடிக்கு டெடி பேர் என்ற பெயர் கிடைத்தது. கதை சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திக்கொள்வார்கள். அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியின் வேதனையை முடித்துவிடும்படி ரூஸ்வெல்ட் சொன்னதும், கத்தியால் அது கொல்லப்பட்டதும் பொம்மையோடு வருவதில்லை. பெரிமனும் பிற்பாடு வரைந்த படங்களில் கரடியைச் சின்னதாக்கி, குட்டியாக்கிவிட்டார்.

அதே ஆண்டு ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்டைஃப் உருவாக்கிய பொம்மைக் கரடிக்கு மூக்கு நீளம், கையும் நீளம், முதுகில் திமில். அவருடைய அத்தை மார்கரெட் ஸ்டைஃப், இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே கால்கள் முடங்கியவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழிற்சாலை கண்டவர். 1880இல் அவர் ஃபெல்ட் துணியில் முதலில் தைத்த பிராணி யானை. விளையாட அல்ல, தையல்காரிகள் ஊசி குத்தி வைக்க. அதைப் பிடுங்கி விளையாட்டுச் சாமானாக்கியது குழந்தைகள். யானையின் தும்பிக்கையைக் குறைத்துத் தரும்படி அவர்கள் கேட்கவில்லை.

பிறகு கரடியின் மூக்கைக் குறைக்க யார் கேட்டது? 1985இல் ராபர்ட் ஹைண்ட், பார்டன் என்ற ஆய்வாளர்கள் பல காலத்து டெடி கரடிகளின் தலையை அளந்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வருடம் ஏற ஏற மூக்கு குறுகியிருந்தது, நெற்றி உயர்ந்திருந்தது. பத்து வருடம் கழித்து வேறு சிலர் அந்தக் கேள்வியைக் குழந்தைகளிடமே கொண்டுபோனார்கள். குழந்தை முகக் கரடியை விரும்பியவர்கள் ஆறு, எட்டு வயதுக்காரர்கள். கரடியைக் கட்டிக்கொண்டு தூங்குகிற நாலு வயதுக்காரர்களுக்கு அந்த முகத்தின் மேல் தனி மோகம் இல்லை. அப்படியானால் மூக்கைச் சுருக்கியது, கடையில் காசு கொடுத்து வாங்குகிற பெரியவர்களின் கண்தான்.

ஒன்றை நேசிக்க வேண்டுமானால் முதலில் அதன் மூக்கை வெட்ட வேண்டுமா? பிராணிகள் விஷயத்தில் மட்டும் எழுகிற கேள்வியும் அல்ல இது. ஊரிலிருந்து வந்து தங்கும் மாமனார், அடம்பிடிக்கும் பிள்ளை, பேச்சில் முள் வைத்திருக்கும் சிநேகிதி என்று எல்லாருக்கும் நம் மனசுக்குள் ஒரு குட்டை மூக்குப் பதிப்பு தயாராக இருக்கிறது. அவர்கள் அதில் அடங்காதபோது வருத்தப்படுகிறோம்.

திருவனந்தபுரத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு முக வேலையும் நடக்கிறது. 1970இல் தொடங்கிய மார்கி போன்ற கலை நிலையங்களில் கதகளி நடிகர் மல்லாந்து படுத்துக்கொள்வார். சுட்டிக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து, அரிசி மாவுக் குழம்பாலும் கத்தரித்த வெள்ளைத் தாளாலும் தாடையோரம் வரம்பு கட்டுவார். மணிக்கணக்கில் போகும் வேலை. நடிகர் பாதியில் தூங்கிவிடுவதும் உண்டு. கம்பளிக்காரரின் பொறுமை எதுவோ அதேதான் இங்கும். ஆனால் போகிற திசை வேறு. எதிர்நாயகர்களின் கத்தி வேடத்துக்கு மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை வைத்து மூக்கை இன்னும் துருத்த வைக்கிறார்கள். சுண்டப்பூ விதையைக் கண்ணுக்குள் இட்டு வெள்ளை விழியைச் சிவக்க வைக்கிறார்கள். மடியில் இருக்கும் பிள்ளை மிரளும். மிரண்டாலும் கண்ணை எடுக்காது.

ஊசிக்காரர்களிலும் அந்தத் துணிச்சல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பழைய நீள மூக்கை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவருகிறார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளநாட்டுக்கு வந்த கரடியைச் செய்ய உட்கார்ந்தால் வேலை நிறைய இருக்கும். தேன்கரடியின் மூஞ்சி வெளிறிய சாம்பல், நீளம். அதில் மொஹேரை ஒட்டக் கத்தரித்துவிட வேண்டும். கறையானை உறிஞ்சுவதற்காக நீண்டு தொங்கும் கீழுதட்டைத் தனியாகக் கம்பளியில் குத்தி ஒட்ட வேண்டும். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. புற்றைப் பெயர்க்கும் நகங்கள் மிக நீளம்; அவற்றை முழு அளவில் வைப்பதா, பிள்ளை கையில் கொடுக்கிற பொருள் என்று பாதியாக்குவதா என்பதில்தான் ஊசி சற்று நேரம் நிற்கும்.